காஜா

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
இரட்டை வீட்டில் இடப்பக்கம் என்னுடையது,
வலப்பக்கம் தனபாக்கியம்.
நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்,
பதினோரு வருடம் பேசாத பேச்சு,
அடியில்
இரண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடைக் குழாய்.

அறுபத்து நாலில் நகராட்சி புதைத்த சுட்டமண்.
எனக்கும் அதற்கும் ஒரே வயது,
இருமல் மட்டும் அதற்கு அதிகம்.
மழை பிடித்தால் என் குளியலறைக்கு வந்து துப்பும்.

தோண்டணும் என்றான் முதலில் வந்தவன்.
முற்றத்துச் சிமென்ட், கார்க் கொட்டகை,
அவள் சமையலறைத் தரையில் பாதி.
விலை சொன்னான்.
தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்த குமரேனும் பெகானியும்
மண்வெட்டியே கொண்டுவரவில்லை.
ஒரு கேமரா, கண்ணைச் சுற்றிப் பொடி விளக்குகள்.
உள்ளே ஊர்ந்து போனது.
திரையில் பார்த்தேன்:
மூட்டுக்கு மூட்டு வேர்,
வெளுத்து, சிக்கெடுக்காத முடி போல.
“லிச்சி” என்றான் பெகானி.
அவள் மரம்.
என் பக்கம் விழுந்த பழம்.
ஒரு டிசம்பர், ஒரு கூடை, அவள் சொன்ன ஒரு வார்த்தை.
வேண்டாம், அது கிடக்கட்டும்.

வேரை அறுத்துத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள்.
பிறகு வண்டிக்குள்ளிருந்து
பிசினில் ஊறிய நீளத் துணிக்குழல் ஒன்று,
ஐஸ் பெட்டியில் மீன் மாதிரி சுருண்டு கிடந்தது.
“இதுதான் லைனிங், ஆன்ட்டி.”
எனக்கா சொல்கிறாய் தம்பி.
மோபெனி ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருடம்
ஆண்கள் கோட்டுக்கு லைனிங் வைத்த கை இது.

காற்றழுத்தத்தில் அது போன விதம் இருக்கிறதே,
கோட்டின் கையை உள்புறம் வெளியாகப் புரட்டுவோம்,
அப்படி.
பிசின் பக்கம் வெளியே திரும்பி
பழைய மண்ணில் ஒட்டிக்கொண்டே
தன்னைத் தானே உரித்துக்கொண்டு நடந்தது.

நாலு மணி நேரம் ஒரு சொட்டு இறங்கக் கூடாது,
இரண்டு வீட்டிலும்.
அவளிடம் யார் சொல்வது?
பெகானி போனான்.
சுவருக்கு அந்தப்பக்கம் அவன் ஜூலு,
அவளுடைய உடைந்த ஜூலு,
அப்புறம் சிரிப்பு.
அந்தச் சிரிப்பு எனக்கு மறந்துபோயிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

மின்வெட்டுக்குள் முடியணுமே என்று
கம்ப்ரெசரையே பார்த்துக்கொண்டிருந்தான் குமரேன்.
நாங்கள், அறுபது தொட்ட இரண்டு பேர்,
சுவரின் இருபுறமும்
மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தோம்.

இறுகியது.
கேமரா மறுபடி போனது.
மூட்டே இல்லாத வழவழ நீலம்.
ஆறாவது மீட்டரில் மட்டும் லேசாக ஒரு பள்ளம்,
அம்மைத் தழும்பு போல.
“பக்கத்து வீட்டு இணைப்பு. இப்போ மூடியிருக்கு.
வெட்டித் திறக்கணும்.”

வெட்டாவிட்டால்?

கேட்டுவிட்டேன்.
குமரேன் திரும்பவில்லை.
பெகானி திரும்பினான்.

கோட்டில் எல்லாம் தைத்த பிறகுதான் காஜா.
முடித்த துணியில் கத்தி வைக்கும்போது
கை நடுங்காத நாளே கிடையாது.
ஒரு நூல் தப்பினால் கோட்டு போச்சு,
அந்த வாரச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நடுவில் வை, என்றேன்.
இன்னும் கொஞ்சம் இடது. ம்.
திரைக்குள் பொடிப் பல்சக்கரம் சுழன்றது.
நீலத்தில் ஒரு பிறை,
பிறகு பாதி,
பிறகு வாய்.
ஓரப் பிசிரையும் சீவு,
நூல் தொங்கினால் அழுக்கு மாட்டும்.

அவர்கள் போனபின் முற்றத்தில்
டயர் தடம் மட்டும்.
பில்லில் பாதி அவள் தரணும்.
இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

இரவு பத்தேகாலுக்கு
அவள் வீட்டுத் தண்ணீர்
என் தரைக்கடியில் தங்காமல் கடந்து போனது.
படுத்தபடி கேட்டேன்.
எழுந்து போய்
தேவையில்லாமல்
நானும் ஒரு முறை சங்கிலியை இழுத்துவிட்டேன்.