வெள்ளம்

முதல் நாள் மெஸ்ஸில்
"கொஞ்சம் வெள்ளம் தாருங்க" என்றேன்.
கரண்டி அந்தரத்தில் நின்றது.
"எங்கம்மா வெள்ளம்?" என்று
பரிமாறுகிறவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.
ஓமலூர் ரோட்டில் புழுதிதான் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு வரிசைப் பெண்களும் சிரித்தார்கள்.
குளச்சலில் குடிக்கிற தண்ணீருக்கு
அதுதான் பெயர்.
சொல்லவில்லை. விக்கலோடு எழுந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில்
இருட்டுக்குள், ரொம்ப உயரத்தில்
சிதறிக் கிடந்தன விளக்குகள்.
அப்பா கணவாய்க்குப் போகும் மாதங்களில்
வீட்டு வாசலிலிருந்து இப்படித்தான் தெரியும் வள்ளங்கள்.
எண்ணிவிட்டுத்தான் படுப்போம்.
இங்கே யார் கடலைத்
தூக்கி நிறுத்தி வைத்தது?

"அது ஏற்காடு" என்றாள் பின்னால் ஒருத்தி
ஈரத் துப்பட்டாவை உதறியபடி.
"தனியா இருக்கே ஒண்ணு, அது லாரி.
இப்பத் திரும்பும் பாரு."
திரும்பியது.
அடுத்த வளைவில் அணைந்து
அதற்கடுத்த வளைவில் முளைத்தது.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.
லாரி மேலே போய்ச் சேரும்வரை நின்றோம்.

வருகைப் பதிவேட்டில் நான் ஷைலின் மேரி.
நடைக்கூடத்தில்
"வெள்ளம் வருது, ஒதுங்குங்கடி."
அம்மாவிடம் போனில்
"எல்லாரும் நல்ல பிள்ளைங்கம்மா" என்றேன்,
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.

வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள்.
உப்பளம்போலப் பளீரென்று கிடந்தது மலை.
பேராசிரியர் சொன்னார்: நக்கிப் பாருங்கள்,
கல்லை அறிய அதுவும் ஒரு வழி.
நாக்கில் ஒட்டிக்கொண்டது.
உப்பே இல்லை.
எதற்கென்று தெரியாமல் அங்கேயே அழுதேன்.
தூசி என்றேன்.
முனிரத்னா நம்பவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்
தட்டுவடை செட் வாங்கி என் கையில் திணித்தாள்.
பீட்ரூட் சிவப்பு அவள் உதடெல்லாம்.
"எங்க வீட்ல நீள்ளுன்னு சொல்வோம்" என்றாள்
யாருக்கும் கேட்காத குரலில்.
"தேன்கனிக்கோட்டைப் பக்கம்.
அன்னிக்கு நீ கேட்டுட்டே.
நான் மூணு நாள்
வாயவே திறக்கல."

மாடிக்காரியின் பெயர் செண்பகா.
அந்த விளக்குகளில் ஒன்று அவள் வீடு.
"எந்த விளக்கு?"
"தெரியல. அதான் தினமும் வர்றேன்."
பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை,
அதற்கே இவளுக்கு இப்படியா என்று நினைத்தேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.
தூரத்தை யார் எந்தக் கோலால் அளக்கிறார்கள்.

சித்திரையில் போர் மோட்டார் எரிந்துபோனது.
மூன்று நாள்.
படிக்கட்டு முழுக்க வாளிகள்,
வாளிக்குள் சோப்பு டப்பா, சோப்பு டப்பாவில் இடம்பிடித்தவளின் பெயர்.
ஆளுக்கு அரைக் குவளையில் பல் தேய்த்து
ஒரே டியோடரண்டை எட்டுப் பேர் அடித்துக்கொண்டு
தேர்வு எழுதப் போனோம்.

மூன்றாம் ராத்திரி, மணி இரண்டு இருக்கும்.
நெடுஞ்சாலையிலிருந்து ஒரு டேங்கர்
மஞ்சள் கண்ணோடு உள்ளே திரும்பியது.
மூன்றாம் மாடியிலிருந்து முனிரத்னா கத்தினாள்:
"வெள்ளம் வந்துருச்சுடோய்!"

என்னைத்தான் சொல்கிறாளோ என்று நிமிர்ந்தேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
வெள்ளம், வெள்ளம் என்று
ஒவ்வொரு படியாக இறங்கியது அந்தச் சொல்.
முதல் நாள் சிரித்த வரிசைகள்தான்,
வாளிகளைத் தட்டிக்கொண்டு,
கால் தடுக்கி, கெட்ட வார்த்தை பேசி, ஓடின.
வார்டன் அம்மா பாவம்,
நிஜ வெள்ளமென்று பயந்து
தலைமுடியை அள்ளி முடிந்தபடி வெளியே வந்தார்.

வாளி கைமாறிக் கைமாறி மேலே ஏறியது.
பாதி சிந்தியது.
நனைந்த படியில் வெறுங்காலோடு நின்ற செண்பகா
என் பக்கம் நீட்டிச் சொன்னாள்,

"பிடி வெள்ளம்."

நடுவில் காற்புள்ளி இருந்ததா
என்று இன்றுவரை கேட்கவில்லை.
பிடித்துக்கொண்டேன்.