கருகிய பக்கம்

ஆடி மாதம். கொடைக்கானலில் சீசன் முடிந்து
மேசைகள் மேல் நாற்காலிகள் கவிழ்ந்துகிடந்த வாரம்.
நாயுடுபுரம் இறக்கத்தில் என் கடை மட்டும் திறந்திருந்தது.
அடுப்பு ஆறிவிட்டால் மறுபடி சூடேற
மூன்று மணி நேரமும் அரைச் சுமை விறகும் ஆகும்.
அதனால்தான். வேறு லட்சியம் எதுவுமில்லை.

வாட்டில் கட்டைதான் எரிப்பேன்.
தைலமரத்தை ஒரு தடவை எரித்துப் பார்த்தேன்,
பீட்சா இருமல் மருந்தாக வெளியே வந்தது.

கப்பலில் பதினோரு வருடம் சமைத்த சேவியர் இருதயம்
நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தார்.
தொண்ணூறு விநாடி.
அதற்கு மேல் அடுப்பில் கிடந்தால் அது ரொட்டி.
நடுவில் ஈரம் இருக்க வேண்டும்,
தூக்கினால் தலை தொங்க வேண்டும்,
விளிம்பில் சிறுத்தைப் புள்ளி விழ வேண்டும்.
"சிறுத்தை பாம்பார்புரத்திலேயே திரியுது" என்றது
கதவோரம் ஒரு குரல். அவனுக்குப் பிறகு வருகிறேன்.

சிகாகோவில் ஆறு பனிக்காலம் கழித்த வித்யாபதி
நாலு விரலை அடுக்கி ஆழம் காட்டினார்.
அடியில் சீஸ், அதன்மேல் தக்காளி,
வெட்டினால் ஊற்றுக் கண் திறந்த மாதிரி பொங்க வேண்டுமாம்.
குளிர் ஊருக்கு அதுதான் நியாயம் என்றார்,
மங்கி குல்லாவைக் காதுக்கு இழுத்துக்கொண்டே.
"அது பீட்சா இல்ல தம்பி, தொட்டி."

நிலோஃபர் டீச்சர் மதுரைக்காரர்.
பேக்கரி பன்னின் மேல் கேரட் துருவல், குடைமிளகாய்,
இனிக்கிற சாஸ், நட்டநடுவில் ஒரு சிவப்புச் செர்ரி.
பன்னிரண்டு ரூபாய். அதுதான் பீட்சா,
மற்றதெல்லாம் பிற்பாடு வந்தவை.
செர்ரிக்கு யாராவது சிரித்தால் எழுந்து போய்விடுவேன் என்றார்.
சிரித்தோம்.
அவர் போகவில்லை. வெளியே நல்ல மழை.

பூம்பாறைக் குழந்தைவேல் வாதாட வந்தவன் அல்ல.
மூன்று வாரப் பூண்டு பாக்கி
ஆயிரத்து நானூறு, அதை வாங்க வந்தவன்.
ஒரு பல்லை நசுக்கி மேசைமேல் வைத்தான்.
அறை முழுக்க ஏறியது.
"இது இல்லாம என்ன நேப்பிள்ஸ்?"
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"கடைசியில எல்லாம் ஊத்தப்பம்தானே?"

அந்த வார்த்தைக்கு இங்கே ஐம்பது ரூபாய் அபராதம்.
சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்.
பாக்கியை ஆயிரத்து முந்நூற்று ஐம்பதாகத் திருத்தினேன்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மாவு என்று சொல்லியிருப்பேன்.
கீழே வத்தலக்குண்டில் ஒரு பொழுதில் பொங்குவது
இங்கே இரண்டு இரவு எடுத்துக்கொள்கிறது, சில வாரம் மூன்று.
மூடுபனி உள்ளே நுழைந்துவிட்டால்
பரீட்சை நாள் பிள்ளைபோல எழ மறுக்கும்.
கம்பளி போர்த்துகிறேன்.
விடியுமுன் விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.
பிறகு நான் விறகு எடுக்கப் போன நேரத்தில்
மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.
அந்தப் புளிப்பை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது?

அப்போதுதான் வெளியே தகரம் உருண்டது.
காட்டுமாடு.
குப்பைத்தொட்டிக்குள் தலை,
முதுகில் மழை ஆவியாகிக்கொண்டிருந்தது.
நாலு பேரும் கண்ணாடியில் மூக்கை வைத்தார்கள்.
நேற்றைய மிச்சத் துண்டை மோந்து பார்த்தது,
ஒதுக்கியது,
எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியை
ஒரு மூலையிலிருந்து, அவசரமில்லாமல், தின்னத் தொடங்கியது.

"பாத்தீங்களா, அடிப்பாகம்தான் முக்கியம்" என்றார் சேவியர்.
"ஆழமான பெட்டி அது" என்றார் வித்யாபதி.

அதற்குள் அடுப்பில் இருந்தது
ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் வெளுப்பு.
திருப்ப மறந்துவிட்டேன்.
எட்டாக வெட்டி நடுவில் வைத்தேன்.
கருகிய பக்கத்துக்குத்தான் முதலில் கைகள் நீண்டன,
டீச்சருடையது உட்பட.

குழந்தைவேல் கடைசித் துண்டை மடித்து வாயில் போட்டான்.
மென்று முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சட்டைப்பையைத் துழாவி
ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து
நீவி
என் முன்னால் வைத்துவிட்டு
தொண்டையைச் செருமினான்.