கிழக்கு ஜன்னல்

குஞ்சுப் பொரிப்பகத்தில் பதினோரு வருஷம்.
இருபத்தொரு நாள், முப்பத்தேழரை டிகிரி,
மணிக்கொரு தடவை முட்டையைப் புரட்டும் இயந்திரம்.
எனக்குத் தெரிந்த பிறப்பு அவ்வளவுதான்.

போவா முட்டையிடாது என்று
திருச்சூரிலிருந்து பெட்டியோடு வந்த ஜோபி சொன்னபோது சிரித்தேன்.
பாம்பு குட்டி போடுமா, ஆட்டைப் போல?
விரியன் போடுகிறதே என்றான்.

முதல் இரண்டு குளிர்காலம்
மரகதத்தையும் பூபதியையும் ஒரே பெட்டியில் விட்டேன்.
நனைந்த வடக்கயிறாய் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன,
சண்டையும் இல்லை, சரசமும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை டாக்டர் ஷைனி வந்து
வாலடியைப் புரட்டிப் பார்த்தாள்.
ஆணுக்கு அங்கே இரண்டு நகம் துருத்தி நிற்கும்.
பூபதிக்கு இருந்தது கடுகளவு.
ஒரு மெல்லிய கம்பி, ஒரு சொட்டு எண்ணெய்,
ஒரு உச்சுக்கொட்டல்:
'சேச்சி, ரெண்டும் பெண்ணாணு.'

இரண்டு வருஷம். எழுபது எலி.
பெயரை மாற்றவில்லை.
கூப்பிட்டால் வரப்போகிறதா என்ன.

ஆண் வந்தது மூன்றாம் வருஷம்,
மெலிந்து, பதிவுச் சீட்டோடு.
வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
சீட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒருவர் கேட்டார்:
'மண்ணுளியா? கோடிக்குப் போகுமாமே?'
அது வேறு சார், இது வெறும் செல்லம் என்றேன்.
பெட்டிமேல் வைத்திருந்த கையை
மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மாசியில் மரகதம் பெருத்தாள்.
தெருவுக்கே சொல்லிவிட்டேன்.
போட்டது பதினாறு மஞ்சள் கட்டி,
கரைந்த சோப்பு மாதிரி.
முட்டையிடாத பாம்பும் கூமுட்டை போடும்.

தப்பு என் தொழிலின் தப்பு.
இராப்பகல் ஒரே சூடு வைத்திருந்தேன்.
இரவு நாலைந்து டிகிரி இறங்கினால்தான்
வருஷம் திரும்பியது அந்த உடம்புக்குத் தெரியுமாம்.

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க்குள்
கிழக்கேயிருந்து காற்று புகும்.
பனை உச்சியில் கள்ளுக்கலயங்கள்
ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.
பெட்டியறையில் ஆணியடித்து மூடியிருந்த ஜன்னலைப் பிடுங்கித் திறந்தேன்.
சாக்கைத் தொங்கவிட்டேன், விளக்கை அணைத்தேன்,
வெப்பமானியோடு கம்பளிக்குள் உட்கார்ந்தேன்.
என் வீட்டுக்காரர் சதாசிவம் மூன்று வாரம் தும்மினார்.
நாலாம் வாரம் இரண்டு வால்கள் பின்னிக் கிடந்தன.
தும்மாதீர்கள் என்றேன்.

பங்குனியில் சட்டை உரித்தாள்.
அன்றிலிருந்து நூற்றைந்து நாள்.
ஐந்து இருபத்தொன்று.
ஐந்து ஈடு குஞ்சுகள் பொரிந்து
அட்டைப்பெட்டியில் பல்லடத்துக்கு லாரி ஏறின.
இவள் வயிற்றை மல்லாத்தியபடி
சூட்டுப் பக்கமே கிடந்தாள், எலியைத் தொடாமல்.

ஆனியில் காற்று மேற்குக்கு மாறியது. சாரல்.
மின்சாரம் போன இரவு.
டார்ச் வெளிச்சத்தில் ஈரப் பை ஒன்று,
உள்ளே சுருட்டி வைத்த முழ நீளக் கோடு.
அது மூக்கால் குத்திக்கொண்டிருந்தது.

ஓடு உடைக்காத குஞ்சுக்கு
நாங்கள் நகத்தால் உதவுவோம்.
அப்படி வந்தவை அநேகமாகப் பிழைப்பதில்லை.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது. பன்னிரண்டு.
மூன்று கூ.
ஒன்று பைக்குள்ளேயே நின்றுபோனது.
மரகதம் திரும்பிப் பார்க்கவில்லை,
தண்ணீர்ச் சட்டிக்குப் போய்
வெகுநேரம் குடித்தாள்.
பக்கத்துப் பெட்டியில் பூபதி
எலி வந்துவிட்டதென்று நாக்கை நீட்டினாள்.

கடைசியாய் வந்தது, தொப்புள்கூடக் காயாமல்,
என் கட்டைவிரலைக் கொத்தியது.
இரண்டு பொட்டு ரத்தம்.
பதினோரு வருஷத்தில்
ஒரு கோழிக்குஞ்சும் என்னைக் கடித்ததில்லை.