இரசாயன ஒட்சிசன் கேள்வி

கொம்பனித்தெருவில்தான் எங்கள் கொம்பனி.
யாருக்கும் அது சிரிப்பாய் இல்லை.
பன்னிரண்டாம் மாடியில் நான் மட்டும்
சம்பளச் சீட்டைப் பார்க்கும் நாளில்
ஒருமுறை சிரித்துக்கொள்வேன்.

ஜன்னலுக்குக் கீழே பேர வாவி,
ஆறிப்போன கீரைக் கடையலின் பச்சை.
விளக்குக் கம்பத்தில் கூழைக்கடாக்கள்.
திரையில் நாற்பத்தொரு நிரல்கள்,
வெள்ளிக்கிழமைக்குள் தலைமையகம் போகவேண்டும்:
மின்சாரம், டீசல், விபத்தில்லா நாட்கள்,
பெண் முகாமையாளர் எத்தனை வீதம்,
நட்ட கண்டல் நாற்று எத்தனை.
பிழைத்தது எத்தனையென்று
அவர்கள் கேட்கவில்லை.

நிலைபேறு என்றுதான் மொழிபெயர்த்தேன்.
முதல் வருட அச்சில் அது
விலைபேறு என்று வந்துவிட்டது.
நான்கு மாதம் ஒருவரும் காணவில்லை.

யூட் பத்திநாதன் காலை ஆறரைக்கு
போத்தல் நிரப்புகிறவர்,
எங்கள் குழாய் களனியில் விழும் இடத்தில்.
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி,
மூடியைப் பல்லில் கவ்வாதே என்று
எத்தனை பயிற்சியில் சொன்னாலும் கவ்வி,
லேபலில் எழுதுவார்: திகதி, நேரம், வெப்பம்.

நவம்பர் பதினான்கு இரவெல்லாம் மழை.
இரண்டுதரம் கரண்ட் போனது.
காற்றூட்டும் மோட்டார் நின்று
தாங்கி வழிந்து
இருநூற்றைம்பதுக்குள் நிற்கவேண்டிய எண்
நானூற்றுப் பன்னிரண்டு.

அந்த எண்ணுக்குப் பாடப்புத்தகத்தில் பெயர்
இரசாயன ஒட்சிசன் கேள்வி.
உயர்தரத்தில் பாடமாக்கியபோது
நிசமாகவே கேள்வியென்று நினைத்திருந்தேன்.
தண்ணீர் எதையோ கேட்கிறது,
மூன்று புள்ளிக்கு விடை எழுதவேண்டும்.

அபேகோன் ஐயா நல்ல மனிதர்.
சத்தம் போடவில்லை.
கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
வருடச் சராசரி எவ்வளவு, மிஸ்?
நூற்று எண்பத்தேழு.
பிறகென்ன.

சராசரி கண்ணியமான சொல்.
முந்நூற்று அறுபத்துநான்கு நல்ல நாட்கள் வந்து
அந்த ஒன்றின் தோளில் கைபோட்டு
கூட்டத்துக்குள் அழைத்துப் போய்விடும்.

நானும் சராசரியைத்தான் இட்டேன்.
வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம்.
ஆனால் கீழே ஓர் அடிக்குறிப்பு,
ஒன்பது சொல், ஒரு திகதி, ஒரு எண்.

எங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறந்திருப்பீர்கள்.
உள்ளே எட்டாய் மடித்த தாள்:
வாந்தி வரலாம், தலை சுற்றலாம்,
பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஈரல் பழுதாகலாம்.
அந்த ஒருவரைச் சராசரிக்குள் தள்ள
எங்களை யாரும் விடமாட்டார்கள்.
அந்தத் தாளையும் நான்தான் மொழிபெயர்க்கிறேன்,
இதே மேசையில்,
பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்.

தலைமையகத்திலிருந்து ஒரு வரி வந்தது.
நவம்பர் எண் தட்டச்சுப் பிழையா?
இல்லை, என்று அனுப்பினேன்.
மூன்று வாரம் மௌனம்.
அவர்கள் ஊரில் அப்போது பனி.

ஏப்ரலில் அறிக்கை வந்தது, மீள்சுழற்சித் தாளில்.
அட்டையில் ஒரு கை, கையில் ஒரு துளி.
எண்பத்தேழாம் பக்கம்,
மாத்திரைத் தாளைவிடச் சின்ன எழுத்தில்
என் ஒன்பது சொல்லில் ஆறு மிச்சமிருந்தது.
திகதி இல்லை. எண் இருந்தது.
புது ஜெனரேட்டருக்கு மூன்று விலைமனு
கேட்டிருக்கிறார்களாம், யூட் சொன்னார்.
அந்த ஆறு சொல்லாலா, வேறெதாலோ,
நான் விசாரிக்கவில்லை.

இன்று காலைப் போத்தல்
ஆய்வுகூடத்துக்குப் போகாமல், தவறி,
என் மேசையில் நிற்கிறது.
லேபலில் திகதி, நேரம், வெப்பம்.
அதன் கீழே, யாரும் கேட்காத இடத்தில்,
சாய்ந்த கையெழுத்தில்
மணம் உண்டு.

நிரல்களை வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன்.
நாற்பத்தொன்றுக்கு அப்பால்
வெறும் கட்டங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.
நாற்பத்திரண்டின் தலையில்
கர்சர் துடிக்கிறது.