தாமதத்துக்கான காரணம்

வடக்கே எலி இல்லையாம்.
அதனால் இந்த ஜனவரியில்
மினசோட்டாவின் சாலையோரக் கம்பங்களில்
சாம்பல் ஆந்தைகள்.

பனி வாரும் வண்டி ஓட்டுகிறாள் லெம்பி ஹார்யு.
நேற்று ஒன்றைச் சாலையிலிருந்து எடுத்தாள்:
இரண்டு கை கொள்ளாத இறகு,
உள்ளே ஒரு ரொட்டியின் எடை.

இன்று ஏழாவது மைலில், கீழ்வானம் வெளுக்கையில்,
இன்னொன்று.
தட்டு முகம் பனியை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது.
பார்க்கவில்லை அது,
கேட்கிறது:
ஓரடிப் பனிக்கு அடியில்
எதுவோ புல்வேரைக் கொறிப்பதை.

அப்போதுதான் உறைத்தது லெம்பிக்கு
தன் டீசல் எஞ்சின் போடும் கூச்சல்.

சாவியைத் திருப்பினாள்.
ஹீட்டர் நின்றது.
காலுறைக்குள் குளிர் ஏறியது.
"எங்கே இருக்கே?" என்றது வயர்லெஸ்.
அதன் வாயையும் அடைத்தாள்.

விழுந்தது ஆந்தை, கால்கள் முன்னால்,
ஒரு சத்தமில்லை.
எழுந்தபோது
நகங்களில் பனி மட்டும்.
மறுபடி கம்பம்.
மறுபடி கவிழ்ந்த முகம்.

பள்ளிப் பேருந்து பின்னால் வந்து
ஹாரன் அடிக்கும்வரை
அவள் சாவியைத் தொடவில்லை.

மாலையில் பதிவேட்டில் அந்தக் கட்டம்:
தாமதத்துக்கான காரணம்.
"எஞ்சின்" என்று எழுதினாள்.
பொய்யில்லை.