குரல் பதிவு

ஏற்காட்டில் பெய்தால்
எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.
கட்டில் கால்களுக்குச் செங்கல் வைக்க,
அரிசி மூட்டையைப் பரணேற்ற,
ரேஷன் கார்டைத் தேட,
கவுன்சிலரைத் திட்ட.

கிச்சிப்பாளையத்தில்
திருமணிமுத்தாற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்
வீடுகளின் கணக்கு இது.
ஆற்றின் பெயரில் முத்து உண்டு.
நான் பார்த்ததெல்லாம் சாயமும் தெர்மாகோலும்.

அந்த ஐப்பசி ராத்திரி
இரண்டு மணி நேரமும் கிடைக்கவில்லை.
புதிதாய்க் கட்டிய சிறுபாலம் அடைத்துக்கொண்டது.
தண்ணீர் வாசல் வழியே வரவில்லை.
குளியலறைத் தூம்பின் வழியே
கடன் கேட்க வந்தவன் மாதிரி
தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.
வெளியே என் தள்ளுவண்டி மிதந்தது.
விற்காத தட்டுவடை, கார சட்னி வாளி,
துருவி வைத்த பீட்ரூட்.
கொஞ்ச நேரம் தெருவே சிவந்தது.
யாரோ ரத்தம் என்று கத்தினார்கள்.

மூன்று மணிக்கு
வார்டு வாட்சப்பில் குரல் பதிவு போட்டேன்.
ஒன்றரை நிமிடம்.
அதில் இருந்த சொற்களை இங்கே எழுதினால்
தாள் கூசும்.

கவுன்சிலர் பெயர் தில்லைக்கரசி.
செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில்
பருப்புக் கணக்கு எழுதியவர்.
ஏழு மணிக்கு வந்தார்.
போட்டோ எடுக்க ஆள் இல்லை.
சேலையை ஏற்றிச் செருகியிருந்தார்.
ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய
நாற்பது பக்க நோட்டு கையில்.

“குரல் பதிவு போட்டது யாரு?”

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.
முழங்கால் தண்ணீரில்
யார் ஓடினாலும் கூத்துதான். நின்றேன்.
பதிலுக்கு நாலு வார்த்தையை
நாக்குக்கு அடியில் அடுக்கிக்கொண்டேன்.

“மூணு தரம் கேட்டேன்ங்க.
கடைசிப் பத்து செகண்டு மழை இரைச்சல்ல கேக்கல.
பாலத்துல எந்தப் பக்கத்துக் குழாய்
சின்னதுன்னு சொன்னீங்க?”

வசவுக்கு நடுவில்
அதையும் சொல்லியிருக்கிறேன்.
எனக்கே மறந்துபோயிருந்தது.

காட்டினேன். இடப்பக்கம்.
முழங்கை மறையக் கைவிட்டு
ஜாண் போட்டு அளந்தார்.
சேற்றுக் கையைச் சேலையில் துடைத்து எழுதினார்.
பிறகு நிமிர்ந்தார்.
“வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டது நான்.
வந்து பாக்காம போட்டேன்.
என் தப்பு.”

இதற்குப் பின்னால் ஓர் ‘ஆனா’ வரும் என்று
நாங்கள் காத்திருந்தோம்.
வரவில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
எத்தனை வெள்ளம், எத்தனை பேர் வந்து போனார்கள்.
வானத்தைக் காட்டினார்கள்,
முந்தைய ஆட்சியைக் காட்டினார்கள்,
நாங்கள் வீசிய கவரைக் காட்டினார்கள்.
அந்த விரல் தன் பக்கம் திரும்பி
அன்றுதான் பார்த்தேன்.

அதற்காகத் தண்ணீர் வடிந்துவிடவில்லை.
“தப்புன்னு சொன்னா என் பீரோ காயுமா?”
என்றார் எதிர்வீட்டு மெஹருன்னிசா.
“காயாதுங்க” என்று சொல்லி,
பீரோ, ஒன்று
என எழுதிக்கொண்டார்.

போகும்போது என்னிடம்,
“மாதையண்ணே, திங்கக்கெழம ஆபீசுக்கு வாங்க.
தனியா போனா
மறுபடி பேப்பரத்தான் காட்டுவாங்க.”

பதினோரு பேர் போனோம்.
ஒரு நாள் வியாபாரம் போச்சு.
இன்ஜினியர் வரும்வரை
அவரும் எங்களோடு வராந்தாவில்
பெஞ்சு பற்றாமல் நின்றார்.
உள்ளே, படம் வரைந்த தாளுக்கு மேல்
என் ஜாணை வைத்துக் காட்டினேன்.
கை நடுங்கியது. வைத்துவிட்டேன்.

இப்போது
பதினெட்டாம் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே
மிளகு பறிக்கும் சடையன்
மழை பிடித்ததும் எனக்குப் போன் அடிக்கிறான்.
நான் தெருவுக்குச் சொல்கிறேன்.
அவர் அடைப்பெடுக்கும் வண்டிக்குச் சொல்கிறார்.
சில நாள் வண்டி வருகிறது.

பாலத்துக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.
பீரோவின் கதவு இன்னும் சாத்துவதில்லை.
திட்டுவதையும் நான் விடவில்லை,
என்ன,
இரைச்சல் இல்லாத மூலையாகப் பார்த்து
நின்றுகொண்டு திட்டுகிறேன்.
கடைசிப் பத்து செகண்டை
நிறுத்தி,
தெளிவாக.