இரண்டு மீட்டர் பத்து

பெல்லந்தூர் கட்டடத்தின் கீழ்த்தளம் இறங்குமிடத்தில்
மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட குழாயொன்று
சங்கிலியில் தொங்கும்.
உயரம் இரண்டு மீட்டர் பத்து.
என் ஈக்கோ நுழையும். ஆன்டெனா நுழையாது.

தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு
ஆறு மணி ஷிப்டுக்கு ஆளிறக்கப் போகும்போது
அது குழாயில் மோதி, பின்னால் வளைந்து,
ணங்கென்று நிமிரும்.
கூரைத் தகரத்தில் கொஞ்ச நேரம் நடுக்கம் இருக்கும்.
இரண்டு வருஷம் தாங்கியது.
செவ்வாய்க்கிழமை முறிந்தது.

பின்சீட்டு ஹர்ஷிதா இறங்கி ஓடி
முறிந்த துண்டை எடுத்துவந்து தந்தாள்,
பஸ்ஸில் குழந்தை உதறிய செருப்பைத் தருவதுபோல.
திரும்பி வரும் வழியில்
ஓசூருக்கு அந்தப் பக்கமிருந்து
மீடியம் வேவில் வரும் குரல் வரவில்லை.
மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று
சில்க் போர்டு நெரிசலில் நிற்கும் எனக்கு
அன்றாடம் சொல்லிக்கொண்டிருந்த குரல்.

பகல் தூக்கத்தை விட்டு ஜே.சி. ரோடு போனேன்.
நயாஸ் கடையில் பாதி ஷட்டர்தான் கடை,
வேலையெல்லாம் நடைபாதையில்.
"அடியோட போச்சுக்கா."
உள்விளக்கைக் கழற்றிக் கூரைத்துணியை இறக்கினான்.
என் தலைக்கு மேலேயே
மூன்று மழைக்காலம் சொட்டிய கறை
டீ கிளாஸ் வைத்த மேசைமாதிரி
வளையம் வளையமாய்.
ஒரு சொட்டுகூட என்மேல் விழுந்ததில்லை.

துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தான்.
"நல்ல பெயின்ட்டை ஏம்ப்பா சுரண்டுற?"
"தகரமும் தகரமும் தொடணும்க்கா.
தொட்டாத்தான் எர்த்து. இல்லேன்னா கொர்ர்ருனு இரையும்."
ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு
வண்டியின் சொந்த நிறம் தெரிந்தது.
வாங்கி ஏழு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

நீளமானது முந்நூறு. கட்டைவிரல் அளவு ரப்பர் குட்டை நானூற்றைம்பது.
"கம்மியா இருக்கிறதுக்கு ஜாஸ்தி காசா?"
"உயிரோட இருக்கும்க்கா."
குழாயை நினைத்துக் குட்டையை வாங்கினேன்.

வியாழக்கிழமை ஐந்தரை.
சத்தமில்லாமல் குழாய்க்கு அடியில் வழுக்கி இறங்கினேன்.
பெருமையாகத்தான் இருந்தது.
வளைவு திரும்பினால்
கேட் கட்டை கீழேயே கிடக்கிறது.

முன்பெல்லாம் நான் வரும்போதே அது தூக்கியிருக்கும்.
வணக்கம் வைக்கும் ஒரு கையும் தூக்கியிருக்கும்.
கூண்டுக்குள் பாசுமதாரி
காதை மூடிய மஃப்ளரோடு
நாற்காலியில் நிமிர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.
இரண்டு வருஷமாய் இந்த மனுஷன்
ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார் என்று
வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஹாரன் அடிக்கலாம்.
மேலே கேமரா, கேமராவுக்கு ஒரு சூப்பர்வைசர்.
பின்சீட்டில் மணி பார்க்கிறார்கள்.
ஹர்ஷிதா ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

கதவுப் பையில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு
வளைவு ஏறி நடந்து
குழாயில் ஒரு தட்டு.

ணங்.

நான் திரும்பி வருவதற்குள் கட்டை எழுந்திருந்தது,
அவர் கையும்.
கண் இன்னும் முழுசாய்த் திறக்கவில்லை.

இப்போது எஃப்.எம். தெளிவாகக் கிடைக்கிறது.
எல்லா ஸ்டேஷனிலும் ஃப்ளாட் விற்கிறார்கள்.
கடல் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை.
முறிந்த துண்டு கதவுப் பையிலேயே இருக்கிறது,
தினமும் ஒரு வேலை அதற்கு.